ஆற்றுப்படுத்துவார் யார்?

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி)



சென்ற ஆண்டு இக்கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில், புத்தம் புதிய அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நூலகத்திற்குள் நுழைந்தேன். மேசையருகே அமர்ந்திருந்தவர், "என்ன புத்தகம் வேணும்மா?" என்று அன்போடுதான் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அடுக்கடுக்காய் நின்ற நூல்களை நான் பார்த்தேன். அவையும் என்னைப் பார்த்தன. "சும்மா பார்க்க வந்தேன் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். மறுபடியும் அந்தப் படியை மிதிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

"என்ன வேண்டும்?" என்பது எளிய கேள்வி என்று பலர் எண்ணுகிறார்கள். புத்தகம் இருக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு அது எளிய கேள்விதான். என் அப்பா பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறார். அம்மா கேழ்வரகுக் கொல்லையில் பாடுபடுகிறார். எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் ஒரே அச்செழுத்து நாட்காட்டிதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை; நம்மில் பெரும்பாலோர் வீட்டுக் கதை இதுவே என்பதால் சொல்கிறேன். பட்டப்படிப்பின் வாசலை முதன்முதலாக மிதிக்கும் தலைமுறைக்கு நூலகம் இருக்கிறது, பண்பலை இருக்கிறது, கைப்பேசியும் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: "நான் இதைப் படித்தேன், நீயும் படித்துப் பார்" என்று தோளைத் தொட்டுச் சொல்ல ஓர் ஆள்!

அந்த ஆளாக நாமே ஒருவருக்கொருவர் ஆக வேண்டும் என்பதும், ஆகும்போது எப்படி ஆக வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

பழந்தமிழர் கண்ட பரிந்துரை

பரிந்துரை என்றதும் வேலைக்கான சிபாரிசுக் கடிதம்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் தான் துய்த்த நன்மையைப் பிறருக்குச் சொல்லி வழிகாட்டுவதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி நம் மொழி. ஆற்றுப்படை என்பது அதன் பெயர். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், பசியோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, "நான் பெற்றதை நீயும் பெறலாம், இன்ன வழியே போ" என்று அனுப்பி வைப்பது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது 5 பாட்டுகள், இவ்வகையைச் சேர்ந்தவை.

அவற்றுள் மலைபடுகடாம் நமக்கு மிக அண்டை வீட்டு நூல். நம் மாவட்டத்தின் கிழக்கே, இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் செங்கத்தை ஆண்ட நன்னனிடம் கூத்தர்களை ஆற்றுப்படுத்தும் பாட்டு அது. பாடியவர் பெருங்கௌசிகனார், அடிகள் 583. இப்பாட்டைப் படித்தபோது என்னை மிகவும் கவர்ந்தது நன்னனின் புகழன்று, வழி சொல்லும் முறைதான். நன்னன் நல்லவன், போய்ப் பார் என்று இரண்டு வரியில் முடித்துவிடவில்லை அந்தக் கூத்தன். இந்த இடத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், ஆகவே விடிந்த பிறகு நட. இங்கே பாம்பு உண்டு. தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் மறைவில் போ. இங்கே பாறை வழுக்கும், பற்றிக்கொண்டு இறங்கு என்று இடர்களையும் ஒன்றுவிடாமல் சொல்கிறான். எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் சொல்கிறான். தான் நடந்த வழி ஆதலால் அவனால் சொல்ல முடிகிறது. கேட்பவன் பசித்தவன், குழந்தைகுட்டிகளோடு வருபவன் என்பது தெரிந்திருப்பதால் அவனுக்குத் தக்கபடி சொல்கிறான்.

இதே வழக்கத்தை நம் கொல்லை வரப்பிலும் காணலாம். "இந்த விதையைப் போட்டேன், கதிர் நன்றாகப் பிடித்தது, ஆனால் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், உன் கிணறு தாங்குமா பார்த்துக்கொள்" என்று பக்கத்துக் கொல்லைக்காரர் அம்மாவிடம் சொல்வார். பலன், இடர், கேட்பவரின் நிலை ஆகிய மூன்றும் அந்த ஒரு பேச்சில் அடங்கிவிடுகின்றன. விதைக்கு இத்தனை கவனம் காட்டும் நாம், புத்தகத்திற்கும் பாட்டுக்கும் பேச்சுக்கும் ஏன் காட்டக் கூடாது?

ஒரு கேள்வி செய்த பணி

பரிந்துரையால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்போருக்கு வரலாறு விடை கூறுகிறது. 1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருந்த 25 வயது இளைஞர் உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கலம்பகங்கள், புராணங்கள் என்று பெரிய பட்டியலையே சொன்னார் ஐயர். முதலியார் வியக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களை, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை.

அதன்பின் நடந்ததை நாடறியும். சிந்தாமணி 1887இல் அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல், மணிமேகலை 1898இல் என்று ஐயரின் பதிப்புகள் வரிசையாக வந்தன. சி. வை. தாமோதரம் பிள்ளை போன்ற பெரியோரும் அக்காலத்தில் பழைய ஏடுகளைத் தேடி அச்சிட்டுக்கொண்டுதான் இருந்தனர். எல்லாம் ஒருவர் செயல் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஐயரின் வாழ்க்கையைத் திசை திருப்பியது முதலியாரின் அந்தக் கேள்வியே என்பதை ஐயரே தம் 'என் சரித்திரம்' நூலில் எழுதியுள்ளார்.

முதலியார் செய்ததை உற்று நோக்குங்கள். முதலில், எதிரிலிருப்பவர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்டறிந்தார். பிறகு, அவர் எட்டியிராத ஒரு நூலைக் காட்டினார். அதோடு நில்லாமல், தம்மிடமிருந்த பிரதியையே கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போய்விடவும் இல்லை. உடனிருந்து சேர்ந்து படித்தார். பரிந்துரை என்றால் இதுவன்றோ பரிந்துரை!

நம் ஊருக்கும் இதில் ஓர் உறவு உண்டு. தகடூர் என்று பழைய பெயர் பூண்ட தருமபுரி, 1965ஆம் ஆண்டு தனி மாவட்டமாகும் வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அதியமானையும் ஔவையையும் பற்றிய பாடல்களைப் பெரிதும் நமக்குத் தருவது புறநானூறு. சேலத்துப் பெயர் தாங்கிய ஒருவர் கேட்ட கேள்வி, சுற்றிச் சுழன்று, நம் தகடூர் மன்னனை நமக்கே மீட்டுத் தந்த அச்சுப் புத்தகமாக வந்து சேர்ந்தது!

நூலுக்கேற்ற வாசகர்

இந்த உறவை ஓர் அறிவியலாகவே வகுத்தவரும் ஒரு தமிழர்தாம். அதிலும் நம்மைப் போல் அறிவியல் புலத்தைச் சேர்ந்தவர், கணித ஆசிரியர். 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் பாடமாக இருக்கின்றன. நூல் பயன்பாட்டுக்கே உரியது என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது மூன்றாவது. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்கும் ஓர் உயிர் என்பது ஐந்தாவது.

இரண்டாம் விதியும் மூன்றாம் விதியும் ஒன்றுபோல் தோன்றும், ஒன்றல்ல. எனக்கான நூல் எங்கோ இருக்கிறது. அந்நூலும் என்னைப் போன்ற ஒருத்திக்காகக் காத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்க நடுவில் ஒருவர் வேண்டும். அந்த நடுவர் பணியை நூலகத்தின் உயிர்நாடியாகக் கருதினார் அரங்கநாதன். அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு சிற்றூர்களுக்குச் சென்ற நடமாடும் நூலகம் தொடங்கியதும், 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்ததும் அந்தக் காலத்து முயற்சிகளின் பயன்களே. இன்று நம் ஊர்களில் கிளை நூலகங்கள் இருப்பதற்கு அச்சட்டமே அடித்தளம். கட்டடமும் நூலும் வந்துவிட்டன. அவற்றிடம் நம் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் கைதான் இன்னும் போதவில்லை.

கைப்பேசி செய்யாதா?

"இதற்கெல்லாம் ஆள் எதற்கு? கைப்பேசியைத் திறந்தால் அதுவே அடுத்த பாட்டு, அடுத்த பேச்சு என்று எடுத்து நீட்டுகிறதே" என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், எந்தப் படத்தை யார் எவ்வளவு விரும்புவார் என்று தன் முறையைவிட 10 விழுக்காடு துல்லியமாகக் கணித்துச் சொல்வோருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று 2006இல் அறிவித்து, 2009இல் அப்பரிசை வழங்கியது. உலகின் கூர்த்த கணித மூளைகள் எல்லாம் இதில் முனைந்திருக்கின்றன. இயந்திரத்தின் பரிந்துரையை நான் இகழ மாட்டேன். நானும் அதனால் நல்ல பாடல்கள் சில பெற்றிருக்கிறேன்.

ஆயினும் அது எப்படி வேலை செய்கிறது? நான் பார்த்ததைப் பார்த்த மற்றவர்கள் வேறு எதைப் பார்த்தார்கள் என்று ஒப்பிட்டு, அதை எனக்கு நீட்டுகிறது. அதாவது, நேற்றைய என்னைக் கொண்டு நாளைய என்னைத் தீர்மானிக்கிறது. உ. வே. சா. கையில் அப்படியோர் இயந்திரம் இருந்திருந்தால் என்ன செய்திருக்கும்? அந்தாதி படித்தவருக்கு இன்னும் பத்து அந்தாதிகளை எடுத்துக் கொடுத்திருக்கும்! அவர் ஏற்கெனவே நடந்த வழிக்கு வெளியே, எட்டிப் பார்க்காத ஒரு மலையைக் காட்டுவதற்கு ஒரு முதலியார் வேண்டியிருந்தது. வீட்டில் நூலில்லாத எனக்கு 'நேற்று' என்பதே மிகச் சிறியது. அதை வைத்துக் கணித்தால் என் நாளையும் சிறியதாகத்தானே இருக்கும்?

நான் செய்த பிழை

இதுவரை பிறரைச் சொன்னேன். இனி என்னைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு முடித்த தங்கை ஒருத்தி இருந்தாள். கோடை விடுமுறையில், "அக்கா, எனக்கு இயற்பியல்னா ரொம்பப் பிடிக்கும். நல்ல புத்தகம் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டாள். கல்லூரிக்காரி என்ற பெருமை எனக்கு. தேர்வில் முதலிடம் பெற்றவர்கள் பெயர் சொல்லும் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றின் பெயரைக் கம்பீரமாகச் சொன்னேன். அதை நான் படித்ததில்லை; அட்டையைத்தான் பார்த்திருந்தேன். அவள் வீட்டில் கெஞ்சிப் பணம் வாங்கி, அதைத் தருவித்தாள். ஒரு மாதம் கழித்து வந்து, "எனக்கு இயற்பியல் வராது போல இருக்கு அக்கா. ரெண்டு பக்கம்கூட புரியலை" என்றாள். பதினோராம் வகுப்பில் வணிகவியல் பிரிவில் சேர்ந்துவிட்டாள். அதுவும் நல்ல படிப்புத்தான். ஆனால் அவள் அதை விரும்பிப் போகவில்லை. இயற்பியலுக்கு அஞ்சிப் போனாள்.

புத்தகம் பொருந்தவில்லை என்றால், படித்த குடும்பத்துப் பிள்ளை புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றை எடுக்கும். முதல் தலைமுறைப் பிள்ளையோ தன்னையே தூக்கி எறிந்துவிடுகிறது. "இது கடினமான நூல், எனக்கும் முதலில் புரியவில்லை" என்று சொல்ல ஆளில்லாததால், புரியாமை எல்லாம் தன் மூளையின் குறையென்றே அது முடிவு கட்டுகிறது. நான் இடரைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டுமானால் அவ்வழியே நடந்திருக்க வேண்டும். நடக்காத வழிக்கு ஆற்றுப்படை பாடினேன். ஒரு குழந்தை வழுக்குப் பாறையில் விழுந்தது. கூத்தன் ஏன் அத்தனை அடிகளில் பன்றிப்பொறியையும் கவண்கல்லையும் பாடினான் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

நடந்த வழியைச் சொல்கிறேன்

ஆகவே இனி, நானே நடந்த வழிகள் நான்கை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

நூல்: உ. வே. சா.வின் 'என் சரித்திரம்'. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. வறுமையோடு படிப்பவர் யாராயினும் அவர்களுக்கான நூல் இது. இடர்: மிக நீளம், தொடக்கத்தில் வரும் ஊர்ப்பெயர்களும் உறவினர் பெயர்களும் தலைசுற்ற வைக்கும். முதுகலை அக்கா ஒருவர் எனக்குச் சொன்ன வழியையே சொல்கிறேன்: அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேரும் இடத்திலிருந்து தொடங்குங்கள், பிடித்துப்போனால் பின்னால் திரும்பி முதலிலிருந்து படிக்கலாம். வாங்க வசதியில்லாதவர்கள், 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணைய நூலகத்தில் தேடலாம். பழந்தமிழ் நூல்கள் பல அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன.

பேச்சு: ரிச்சர்டு ஃபெயின்மன் 1964இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விதிகளின் இயல்பு பற்றி ஆற்றிய 7 சொற்பொழிவுகள். பல ஆண்டுகளுக்கு முன் அவற்றைக் கண்டு மகிழ்ந்த பில் கேட்ஸ், தாம் பெற்ற இன்பம் பிறரும் பெறட்டுமென்று 2009இல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கச் செய்தார். அதுவும் ஓர் ஆற்றுப்படையே! யாருக்கு: சூத்திரங்களை மனப்பாடம் செய்து சலித்தவர்களுக்கு. இடர்: ஆங்கிலம் விரைந்தோடும். முதல் முறை எனக்குக் கால்பங்குகூடப் புரியவில்லை. வேகத்தைக் குறைத்து, எழுத்துகளைத் திரையில் வரவைத்து, மூன்று முறை கேட்டேன். ஈர்ப்பு விதி பற்றிய முதல் சொற்பொழிவை மட்டும் முதலில் கேளுங்கள்.

இசை: 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே தேவா'. எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில் எஸ். ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரம் உடன் வருகிறது. ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கியில் கேட்டுப் பழகிய பாட்டுத்தானே என்று எண்ண வேண்டா. இருட்டில் தனியே அமர்ந்து, குரல் எங்கே முடிகிறது, நாதசுரம் எங்கே தொடங்குகிறது என்று கவனித்துக் கேளுங்கள். ஒலி இயலைப் பாடமாகப் படிப்பவர்களுக்கு அது ஒரு சோதனைக்கூடமே ஆகும்.

தொழில்நுட்பம்: ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக இயற்பியலார் 2016இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்னும் இலவசச் செயலி. கைப்பேசிக்குள் இருக்கும் உணரிகளைக் கொண்டு முடுக்கம், ஒலி, காந்தப்புலம் முதலியவற்றை அளக்கலாம். எங்கள் வீட்டு வேப்பமரக் கிளையில் கயிற்றைக் கட்டி, கைப்பேசியை ஊசலாக ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தை அளந்தேன். அம்மா முதலில் திட்டினார், பிறகு கயிற்றைப் பிடித்துக் கொடுத்தார். இடர்: விலை குறைந்த கைப்பேசிகளில் சுழற்சி உணரி இருக்காது, அவற்றில் சில சோதனைகள் நடக்காது. அது உங்கள் தவறன்று. கயிற்றை இறுகக் கட்டுங்கள்!

ஒரு வேண்டுகோள்

நம் நூலக வாசலில் 'ஆற்றுப்படை' என்று பெயரெழுதிய ஒரு தடித்த ஏட்டைக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். செலவு ஒரு கணக்கேடும் ஒரு பேனாவும் மட்டுமே. அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் நான்கு செய்திகள் இருக்க வேண்டும். நான் முழுவதும் படித்தேனா, பாதி படித்தேனா என்பது ஒன்று. யாருக்கு இது பொருந்தும் என்பது இரண்டு. எங்கே வழுக்கும் என்பது மூன்று. எந்த அடுக்கில், எவ்விடத்தில் கிடைக்கும் என்பது நான்கு.

மேதாவித்தனம் காட்டுவோர் புகுந்து, படிக்காத நூல்களை அடுக்கிவிடுவார்களே என்று சிலர் ஐயுறலாம். மூன்றாம் செய்தி அவர்களைக் காட்டிக் கொடுத்துவிடும். நடக்காதவனுக்கு வழுக்குமிடம் தெரியாது!

அரியதோர் நெல்லிக்கனியைப் பெற்ற அதியமான், தானுண்ணாது ஔவைக்கு ஈந்தான் என்று பெருமையோடு பேசுகிறோம். அந்தக் கனியைக் கொடுத்தவனுக்கு மறுகனி இல்லை. நாம் கொடுக்கப் போகும் கனியோ கொடுத்த பின்பும் நம் கையிலேயே இருப்பது. அதையும் கொடுக்க மனமில்லை என்றால், தகடூர் மண்ணில் பிறந்தோம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு என்ன உரிமை?

அந்த ஏட்டின் முதற்பக்கத்தில் எழுத என்னிடம் ஒரு பரிந்துரை அணியமாக இருக்கிறது. எங்கள் தெருத் தங்கைக்காக, எளிய தமிழில் எழுதிய சிறிய இயற்பியல் நூல் ஒன்றைத் தேடிக் கண்டு, இம்முறை கடைசிப் பக்கம் வரை நானே படித்து முடித்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுத் திண்ணையில் அவளோடு அமர்ந்து படிக்கப் போகிறேன். அடுத்த ஆண்டு அடையாள அட்டையோடு நம் நூலகத்தில் நுழையும் புதிய மாணவியிடம், "என்ன புத்தகம் வேணும்மா?" என்று கேட்கப்படும்போது, அவள் திரும்பிப் போகாமல் அந்த ஏட்டைப் புரட்டட்டும். அதில் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் கல்லூரி!